ஆமைக் குஞ்சும் ஏரித் தண்ணீரும்

வடகிழக்குப் பருவமழை பிடித்து, வரத்துக் கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கும் நாட்களில், வாலாஜாபாத் வட்டாரத்து வயல் வரப்பிலும் கால்வாய் ஓரத்திலும் எலுமிச்சம்பழ அளவேயான ஆமைக் குஞ்சுகள் கண்ணிற் படுவதுண்டு. அவற்றைக் கண்டவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றிலொன்று. சிறுவர்கள் எடுத்துப் போய் வாளியில் போட்டு வைக்கிறார்கள். சிலர் தண்ணீர் சுத்தமாகும் என்றெண்ணிக் கிணற்றில் விட்டுவிடுகிறார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியை நம்புவோர் கோலால் தள்ளி வெயிலில் எறிகிறார்கள். மூன்றாலும் குஞ்சு பிழைப்பதில்லை. பழமொழியைப் பற்றி ஒன்று சொல்லலாம். அமீனா வருவது கடன் பத்திரத்தைப் பின்பற்றி. ஆமை வருவது தண்ணீரைப் பின்பற்றி. ஏரிப் பாசனத்தில் பயிரிடும் குடியானவருக்குப் பின்னது கெட்ட சகுனமாகாது.

இவ்வட்டாரத்து நன்னீரில் முக்கியமாக இரண்டு வகை ஆமைகள் உள்ளன. முதலாவது பால் ஆமை. இதன் ஓட்டின்மேல் கெட்டியான தகடுகள் இல்லை. வழவழப்பான தோல் மூடியிருக்கும். மூக்கு சிறு குழாய்போல் நீண்டிருக்கும். அடிப்புறத்தில் பின்கால்களை மூடிக்கொள்ளும் இரு மடல்கள் உண்டு. இரண்டாவது காராமை. இதன் ஓடு கடினமானது. முதுகில் மூன்று வரம்புகள் நீளவாட்டில் ஓடும். நிறம் கருமை அல்லது கரும்பழுப்பு. பால் ஆமை நத்தை, தவளை, சிறு மீன், நீர்ப்பூச்சி, செத்த பிராணி, நீர்ப்பூண்டு ஆகிய யாவற்றையும் தின்னும். ஏரியில் செத்து மிதப்பதை அழுகவிடாமல் தீர்ப்பதில் இதற்குள்ள பங்கு, கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

குஞ்சைக் காண்பவர் முதலில் அறிய வேண்டியது சட்டத்தின் நிலை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பால் ஆமை சேர்க்கப்பட்டுள்ளது. அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்து வளர்ப்பதும், விற்பதும், கறிக்காகக் கொல்வதும் குற்றம். 2022-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி முதல் அட்டவணைப் பிராணி சம்பந்தமான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. குழந்தை ஆசைப்பட்டது என்பதற்காகத் தொட்டியில் வைத்திருந்தாலும் குற்றம் குற்றமே. காராமையையும் அவ்வாறே தொடாமல் விடுவது நலம்.

ஆகவே இவ்வூர் ஆமைக் குஞ்சுக்குத் தக்க தொட்டி எதுவென்று கேட்டால், அது அவ்வூர் ஏரியே. அந்த ஏரி குஞ்சு வாழத்தக்கதாக இருக்கிறதா என்பதைத்தான் நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் கவனித்தல் வேண்டும்.

குஞ்சுக்கு வேண்டிய இடம்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் ஓடு ஏறக்குறைய ஒன்றரை அங்குல நீளமே இருக்கும். மீனைப்போல் தண்ணீருக்குள் சுவாசிக்க அதனால் இயலாது. அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். ஆழமான மடுவில் விட்டால் ஏறி இறங்கியே களைத்துப் போகும். ஓரத்தில் சாண் ஆழமுள்ள, வெயிலில் சற்றே சூடேறிய தண்ணீரில் அது நிலையாக நிற்கும். அவ்விடத்தில் கோரை, சம்பு, அல்லி, பாசி இவை இருக்குமானால் கொக்கும் காகமும் விரால் மீனும் அதை எளிதில் காணமாட்டா. புழு பூச்சிகளும் நத்தைக் குஞ்சுகளும் அங்கேதான் பெருகும். ஒளியிடமும் உணவும் ஒரே இடத்தில் அமைவது இதனால்தான்.

அதற்கு அடுத்த தேவை வெயில். தண்ணீர் விளிம்பில் கிடக்கும் கட்டை, மண் திட்டு, சாய்ந்த கோரைத் தூறு ஆகியவற்றில் ஏறி ஆமை வெயில் காய்வதைப் பலர் பார்த்திருப்பர். சூரியனின் புற ஊதாக் கதிர் உடம்பிற் படுவதால் டி வைட்டமின் உண்டாகிறது. அந்த வைட்டமின் இருந்தால்தான் தின்ற உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். இருட்டில் அடைபட்ட குஞ்சின் ஓடு நாளடைவில் மிருதுவாகி வளைந்து போகும். கிணற்றில் விடப்பட்ட குஞ்சு மெலிவதற்கு இது ஒரு காரணம். செங்குத்தான சுவரில் ஏறி இளைப்பாற இடமில்லாமையும், தக்க உணவின்மையும் மற்றவை. தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கு மாறாக, ஆமையின் மலம் அக்கிணற்று நீரைக் கெடுக்கவே செய்யும்.

மூன்றாவது தேவை முட்டையிடும் தரை. ஆமைகள் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. கரைச் சரிவிலோ, ஏரி உள்வாயின் மேட்டிலோ, வயலோரத்திலோ மண்ணைப் பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். பால் ஆமையின் முட்டை உருண்டையாக, ஓர் அங்குலத்தையொட்டிய குறுக்களவுடையதாக இருக்கும். காராமையின் முட்டை நீண்டிருக்கும். பால் ஆமையின் முட்டை பொரியப் பல மாதங்கள் செல்லும். ஓராண்டை நெருங்குவதும் உண்டு. இத்தனை காலமும் அந்த மண் கலைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு குஞ்சு ஏரிக்கு வந்து சேர்வது எத்தனை அருமை என்பது விளங்கும்.

வரப்பு கழிக்கையில் மண்வெட்டியில் முட்டை அகப்பட்டால் அதைப் புரட்டலாகாது. கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டி அடைகாக்கிறது. ஆமை முட்டையின் நிலை அதற்கு நேர்மாறானது. உள்ளிருக்கும் கரு, முட்டையின் மேற்புற ஓட்டில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், தலைகீழாகத் திருப்பினால் அது மடிந்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலிருக்கும்படியே அதே ஆழத்தில் மண்ணிட்டு மூடி, முள் வைத்து நாய் பறிக்காமல் காத்து, வரப்பு வேலையை இரண்டடி தள்ளிச் செய்துகொள்வது உசிதம்.

வண்டல் எடுக்கும்போது

இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் முக்கியமாக மனத்திற்கொள்ள வேண்டியது கோடைக்காலத்தைப் பற்றியதாகும். ஏரி வற்றும்போது பால் ஆமை வேறிடம் தேடிப் போகும். அல்லது உள்வாய்ச் சேற்றில் புதைந்துகொண்டு மழை வரும்வரை உணவின்றி அசையாமல் கிடக்கும். அதே கோடையில்தான் ஏரி வண்டலும் வெட்டப்படுகிறது. வயலுக்கு வண்டல் அடிப்பது பழமையான, பயனுள்ள வழக்கம். மணற்பாங்கான நிலத்துக்கு அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி கொடுக்கிறது. ஏரியின் கொள்ளளவும் கூடுகிறது. விவசாயிகள் வண்டலும் கரம்பையும் எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி அளிக்கும்படி 2024-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் விதிகளை எளிதாக்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் முன்னாட்களில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு எடுத்தபோது சேற்றுக்குள் கிடந்த ஆமை கையிற் பட்டது; எடுத்து அப்பால் விட்டார்கள். இக்காலத்து மண்வெட்டும் இயந்திரம் ஒரே வாரலில் பெருங்குவியலை அள்ளி லாரியில் கொட்டுகிறது. உள்ளே என்ன இருந்தது என்று பார்க்க எவருக்கும் நேரமில்லை.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று, செலவும் அதிகமில்லை. மதகை அடுத்த பள்ளம் கடைசிவரை ஈரமாயிருக்குமாதலால், ஒடுங்கிக் கிடக்கும் ஆமைகளுக்கு அதுவே புகலிடம். அப்பள்ளத்தில் ஒரு பகுதியையும், அதையொட்டிக் கோரை வளர்ந்த பட்டை ஒன்றையும் வெட்டாமல் விட்டுவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த உள்வாய் மேட்டிலிருந்து வெட்டத் தொடங்கி, ஈரச் சேற்றை அணுகும்போது ஓர் ஆளை முன்னே நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். ஆமை அகப்பட்டால் வெயிலில் போடாமல், வெட்டாது விட்ட ஈரப் பகுதியில் குழி செய்து வைத்துச் சேற்றால் மூடிவிட்டால் அது மீண்டும் ஒடுங்கிவிடும்.

வெட்டிய பள்ளத்தின் ஓரம் சுவர்போல் செங்குத்தாக இருத்தல் கூடாது. ஓர் அடி ஆழத்துக்கு நான்கு அடி என்ற கணக்கில் ஒரு பக்கத்தையேனும் சாய்த்துவிட்டால், குஞ்சு ஏறிவரும். தண்ணீர் குடிக்க இறங்கும் கன்றுகாலியும் தவறி விழாது. இவ்வொரு ஏற்பாட்டைச் செய்யச் சொல்லிக் கேட்டால் ஒப்பந்தக்காரர் டீசல் செலவைக் காரணம் காட்டுவதுண்டு. அனுமதி கொடுப்பதற்கு முன்பே நிபந்தனையாக எழுதிவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

மீன் குத்தகை எடுத்தவர்களிடமும் ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும். இரவு முழுதும் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும் வலையில் சிக்கிய ஆமை மூச்சு வாங்க மேலே வரமுடியாமல் இறந்துபோகும். வலையைச் சில மணிக்கொரு தரம் தூக்கிப் பார்த்தால் ஆமை பிழைக்கும். அறுபடாமல் வலையும் பிழைக்கும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஏரியில் விடுவது நாட்டு மீனுக்கும் ஆமைக் குஞ்சுக்கும் ஒருசேர எமனை விடுவதாகும். மருந்து தெளிக்கும் கருவியைக் கால்வாயிலும் ஏரியிலும் கழுவுவது பற்றிப் பலமுறை எச்சரிக்கப்பட்டுள்ளது. இங்கே மீண்டும் விரிக்கவில்லை.

கண்ணாடித் தொட்டியில் வளரும் அயல் ஆமை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் தொழிற்சாலைகள் வந்தபின், வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் சாலையின் இருபுறமும் குடியிருப்புகள் பெருகியுள்ளன. அலங்கார மீன் கடைகளில் பச்சை நிறமும், கண்ணுக்குப் பின்னால் சிவந்த கோடும் உடைய சிறு ஆமைக் குஞ்சு விற்கப்படுவதைப் பலர் அறிவர். செங்காது ஆமை எனப்படும் இது அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இதை வாங்காமலிருப்பதே மேல். முன்பே வாங்கி வளர்ப்பவர்கள் வீட்டில் அப்பிராணி துன்புறாமலிருக்கச் சில முறைகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கிண்ணத்தில் வைப்பது கூடாது. ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் கொள்ளும் கணக்கு. ஒன்றரை அங்குலக் குஞ்சுக்கு 60 லிட்டராயிற்று. பெட்டை ஆமை வளர்ந்து 10 அங்குலத்துக்கு மேலும் போகுமாதலால், முடிவில் 400 லிட்டர் தொட்டி வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் தண்ணீரின் ஆழம் அதன் ஓட்டு நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். தண்ணீரின் வெப்பம் சென்டிகிரேட் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கலாம்; இவ்வூரில் மார்கழி, தை இரவுகள் நீங்கலாக இதற்குத் தனி ஏற்பாடு அதிகம் வேண்டுவதில்லை. முழு உடம்பும் உலரும்படி ஏறி நிற்கச் சரிவான மேடை ஒன்று அவசியம். அம்மேடை சற்றேறக்குறைய 32 டிகிரி வெப்பமாயிருக்க வேண்டும்.

ஜன்னலோரம் தொட்டியை வைத்து வெயில் படுகிறதென்று பலர் திருப்தியடைகின்றனர். இது தவறு. கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடுமேயன்றி, டி வைட்டமினை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சூடு மட்டும் மிஞ்சிக் குஞ்சு வெந்துபோவதுமுண்டு. அக்கதிரைத் தரும் தனி விளக்கை மேடைக்கு மேல் அமைக்கலாம். அல்லது காலை வெயிலில் பாதி நிழலுள்ள அகன்ற தொட்டியில் சிறிது நேரம் விட்டு, காகம் கொத்தாமல் ஓர் ஆள் அருகிலிருக்கலாம்.

தண்ணீரைக் காக்கும் விதத்தைக் குடியானவர்கள் எளிதில் அறிந்துகொள்வர். வயலில் அம்மோனியா உரம் இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? தொட்டியிலும் அதே வேலை நடக்கிறது. ஆமையின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவைத் தோற்றுவிக்கும், அது விஷம். வடிகட்டியின் பஞ்சில் குடியேறிய நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தீமை குறைந்ததாக்கும். புதிய தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீரை அடிக்கடி மாற்றுவது தவிர வேறு வழியில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவினால் அந்நுண்ணுயிர்கள் மாய்ந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரமொருமுறை நாலிலொரு பங்கு தண்ணீரை நீக்கி, ஒருநாள் வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றலாம்.

தீனி, குஞ்சுக்கு நாளொருமுறை, அதன் தலையளவு போதும். மண்புழு, முள்ளோடு நறுக்கிய சிறு மீன், நீர்ப்பாசி இவை ஏற்றவை. சோறும் ரொட்டியும் ஆகா. கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். சிறு கூழாங்கற்களைப் பரப்பலாகாது, விழுங்கிவிடும். கண் வீங்கி மூடிக்கொள்ளுதல், ஓடு அமுங்குதல், ஒருபக்கமாகச் சாய்ந்து மிதத்தல் ஆகியவை வியாதிக் குறிகள்; கால்நடை மருத்துவரைக் காண்பது நலம்.

ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும்; அதனால் ஆமைக்குத் துன்பமிராது, குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். சிறு ஆமைகளால் குழந்தைகளுக்கு நோய் பரவியதைக் கண்டு, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975-லேயே அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும், தொட்டித் தண்ணீரைச் சமையலறையில் கொட்டாமலிருப்பதும் தவறலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

ஏரியில் விடலாகாது

இவ்வாமை 20 ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். வாங்கிய குழந்தை வளர்ந்து வெளியூர் போயிருக்கும். வாடகை வீடு மாறும் நாள் வரும். தண்ணீர் நாறுகிறதென்று வீட்டார் முணுமுணுப்பர். அப்போது பக்கத்திலிருக்கும் தென்னேரியோ வேறு ஏரியோ நினைவுக்கு வரும். புண்ணியம் என்றெண்ணி விட்டுவிடுவார்கள். கோயில் குளத்தில் விடுவோரும் உண்டு.

இதனால் விளையும் தீங்கைச் சாதாரணமாக எண்ணலாகாது. ஆண்டில் பலமுறை முட்டையிடும் இது, வெயில் காயும் இடத்தையும் தீனியையும் நாட்டு ஆமையிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுவரலாம். உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் நூறு அயல் இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1997-ல் இதன் இறக்குமதியை நிறுத்தின. கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தாரும் இதைக் குறித்து எச்சரித்துள்ளனர். நெற்பயிரில் ஆகாயத்தாமரை புகுந்த கதையை அறிந்த குடியானவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுவதில்லை. வைத்திருக்க முடியாதவர்கள் தக்க தொட்டியுள்ள வேறொருவரிடம் கொடுக்கலாம். வனச்சரக அலுவலகத்தில் யோசனை கேட்கலாம்.

நாட்டு ஆமைக் குஞ்சை வீட்டில் வளர்த்துப் பெரிதாக்கி ஏரியில் விட்டால் நன்மைதானே என்று கேட்பவர்களும் உண்டு. அம்முறை உலகில் இல்லாமலில்லை. வங்காளத்துச் சுந்தரவனத்தில் ஏறக்குறைய அற்றுப்போன ஆற்றாமை ஒன்றை, சஜ்னேகாலிக் குளத்தில் மிஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டு பெருக்கி, 2022-ல் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தி ஆற்றில் விட்டனர். அது அரசாங்க அனுமதியுடன், பயிற்சி பெற்றோர் பல்லாண்டு செய்த வேலை. இவ்வட்டாரத்துப் பால் ஆமை அந்நிலைக்கு வந்துவிடவில்லை; அதற்கு ஓரமும் சேறும் மிஞ்சினால் தானே பிழைத்துக்கொள்ளும்.

வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் ஒன்றை ஊரார் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. இக்காலத்தில் அப்பொறுப்பு பாசன சங்கத்துக்கும், ஊராட்சிக்கும், நீர்வளத் துறைக்கும், வருவாய்த் துறைக்குமாகப் பிரிந்து கிடக்கிறது. பிரிந்திருப்பதால் எவரும் செய்யாமற் போகக்கூடிய சிறு வேலைகள் சில உள்ளன: தொழிற்சாலைக் கழிவுநீர் வரத்துக் காலில் கலக்கிறதா என்று மழையின் முதல் வாரத்தில் நடந்து பார்த்தல், ஆகாயத்தாமரையை நீக்கும்போது ஓரத்துக் கோரையையும் சேர்த்து வழித்துவிடாமல் பார்த்தல், கரைச் சரிவில் குப்பைக்குத் தீயிடாமல் தடுத்தல். கிராம நிர்வாக அலுவலர் வண்டல் மனுவின்மேல் குறிப்பு எழுதும்போது, வெட்டாமல் விட வேண்டிய ஈரப் பகுதியைப் புல எல்லையோடு குறித்து, ஒரு பக்கம் சரிவு வைக்க வேண்டும் என்ற வரியையும் சேர்த்தெழுதலாம்.

வழியில் குஞ்சைக் கண்டவர் அதை எடுத்து, அருகிலுள்ள ஏரியின் கோரை மண்டிய ஓரத்தில், மாலை வேளையில், தண்ணீரின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடுத் தண்ணீரில் வீச வேண்டாம். காயம்பட்டிருந்தால் ஈரத் துணியிட்ட பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.